டீக்கடை பெஞ்சில் நமக்கு இடம் இருக்கா?

(குளத்தூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தில் எப்போதும் சேமிப்பு, உள்கடன், தவணை என்றுதான் பேசுவோம். இன்றைக்கு டீக்கடையைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்காதீங்க. தவணை விஷயமும் இதுக்குள்ளேயே வந்துரும்.

நம் குழு ஒன்று டீயும் பன்னும் விற்கிற கடை வைக்கக் கடன் கேட்டது. எந்த ஊர்க் குழு என்று சொல்ல வேண்டாம் என அவர்களே கேட்டுக்கொண்டார்கள். பாய்லர், அடுப்பு, பெஞ்சு, கண்ணாடி பாட்டில், எல்லாவற்றுக்கும் விலை எழுதிக் கொண்டுவந்தார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நாங்கள் ஒரு கேள்வி கேட்டோம். "உங்கள்ல எத்தனை பேர் டீக்கடையில் உட்கார்ந்து டீ குடிச்சிருக்கீங்க?" ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கடை வைக்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரு டீக்கடையிலும் உட்கார்ந்ததே இல்லை!

அதனால் ஒரு வேலை கொடுத்தோம். கடன் மனுவைக் கூட்டமைப்புக்கு அனுப்புவதற்கு முன்னால், ஆளுக்கு ஒரு டீக்கடையோ பேக்கரியோ போய், உள்ளே உட்கார்ந்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து என்ன நடந்தது என்று குழுவில் சொல்ல வேண்டும். கீரனூர், புதுக்கோட்டை, சொந்த ஊர் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பார்சல் வாங்கக் கூடாது.

அடுத்த வாரம் வந்து சொன்னார்கள். பாதிப் பேருக்கு மேல் உட்காரவே இல்லை. "கூட்டமா இருந்துச்சு", "பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாக, நடுவுல போயி எப்படி உக்கார்றது", "மாமா முறைக்காரரு இருந்தாரு" என்று ஆளுக்கொரு காரணம். ஒரு அக்கா உட்கார்ந்துவிட்டார். டீ மாஸ்டர் அவரைப் பார்த்துக் கேட்டாராம், "பார்சலாம்மா?" இல்லை, கிளாஸில் குடுங்க என்றதும், "வீட்டுக்காரர் வர்றாரா?" என்று கேட்டிருக்கிறார். கேட்டவர் கெட்டவர் இல்லை. அவர் கடையில் அதுவரைக்கும் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து டீ கேட்டதில்லை, அவ்வளவுதான். அக்கா டீயை மடமடவென்று குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு வந்தார். "டீ எப்படி இருந்துச்சு?" என்று கேட்டோம். "யாருக்குத் தெரியும்?" என்றார்.

பேக்கரிக்குப் போனவர்கள் கதை வேறு. அங்கே பிளாஸ்டிக் நாற்காலி, மேலே ஃபேன், கண்ணாடி அலமாரியில் தேங்காய் பன், பப்ஸ், கேக். பெண்கள் தாராளமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நாங்கள் துருவிக் கேட்டபோது ஒன்று புரிந்தது. எல்லோரும் பிள்ளையோடு போயிருக்கிறார்கள். பிள்ளைக்குப் பப்ஸ், தனக்கு ஒன்றும் இல்லை. பிள்ளை மிச்சம் வைத்தால் அதைச் சாப்பிட்டிருக்கிறார்கள். கடைக்காரருக்கு அவர்கள் வாடிக்கையாளர். அவர்களோ தங்களைப் பிள்ளையைக் கூட்டிவந்தவராகத்தான் நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை.

இதற்கு நடுவில் ஒரு சின்ன விஷயம். காப்பி விளைகிற நாடுகளில் குவாத்தமாலா என்று ஒன்று இருக்கிறது, அமெரிக்கக் கண்டத்தின் நடுவில். அங்கே மலைச்சரிவுகளில் ஏழைக் குடியானவர்கள் காப்பி பயிரிடுகிறார்கள். அந்த ஊர் மக்கள் இனிப்பு ரொட்டியைக் காப்பியில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். நாம் பன்னை டீயில் நனைக்கிறோமே, அதே மாதிரிதான். ஒரு பன், ஒரு கிளாஸ் டீ, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேச ஒரு இடம். இதுக்கு ஆசைப்படாத மனுசர் எந்த நாட்டிலேயும் இல்லை போலிருக்கு.

சரி, நம் கதைக்கு வருவோம். போய் வந்தவர்களில் ஒரு சகோதரி மட்டும் கடைசி வரை பேசவில்லை. காலனியில் இருந்து வருகிறவர். எல்லோரும் முடித்த பிறகு சொன்னார். "நான் ஊருக்குள்ள போகல அக்கா, டவுனுக்குப் போயி குடிச்சிட்டு வந்தேன். அங்க யாருக்கும் என்னத் தெரியாது."

இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இந்தக் கூட்டத்தில் யாருக்கும் இல்லை. இரட்டைக் குவளை என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயல் பெயர் நாடு முழுக்க அடிபட்டது. பட்டியல் இன மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. விசாரிக்கப் போன அன்றைய ஆட்சியர் கவிதா ராமுவிடமும், காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேவிடமும் அந்த மக்கள் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார்கள். கோயிலுக்குள் விடுவதில்லை, டீக்கடையில் தனிக் கிளாஸ். மக்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள். டீக்கடை விஷயத்தில் வழக்குப் பதிவாகிக் கைதும் நடந்தது. அந்த இரண்டு அதிகாரிகளும் பெண்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறோம்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. கடை, ஓட்டல் போன்ற பொது இடங்களுக்குள் சாதியைச் சொல்லியோ, ஆண் பெண் என்று சொல்லியோ யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. தீண்டாமையை ஒழித்தது 17ஆம் பிரிவு. தனிக் கிளாஸ் வைத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 பாயும். ஆனால் சட்டம் எழுதியதோடு வேலை முடியவில்லை. சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டல் பலகையில் இருந்த சாதிப் பெயரை எடுக்கச் சொல்லி, அரசியல் சட்டம் வந்து ஏழு வருஷம் கழித்து 1957இல் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போக வேண்டியிருந்தது.

இப்போது தனிக் கிளாஸ் குறைந்து காகிதக் கப் வந்துவிட்டது. எல்லாருக்கும் காகிதக் கப் என்றால் பரவாயில்லை. சிலருக்குக் கண்ணாடி கிளாஸ், சிலருக்குக் கேட்காமலேயே காகிதக் கப் என்றால் அது என்ன? யோசித்துப் பாருங்கள். அதுபோக, பிளாஸ்டிக் பூச்சு உள்ள கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையும் இருக்கிறது.

இதையெல்லாம் பேசிய பிறகு குழுவில் ஒருவர் நேராகவே கேட்டார். "எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சா மத்தவுக வருவாகளா? வரலேன்னா தவணை யாரு கட்டுறது?" அந்தக் கேள்வியை நாங்கள் தப்பாக நினைக்கவில்லை. கடன் அவர்கள் தலையில். பயம் நியாயம். இரண்டு கூட்டம் இதற்கே போனது. மூன்றாவது கூட்டத்தில்தான் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள்: ஒரே வகைக் கண்ணாடி கிளாஸ், ஒரே பெஞ்சு, கிளாஸ் கழுவுவது கடைக்காரர் வேலை. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பேர் மனசில்லாமல்தான் போட்டார்கள். அதுவும் எங்களுக்குத் தெரியும்.

கடை திறந்தாச்சு. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு, தண்ணீர்க் குடத்துக்கு மூடி, தலையில் துணி, இதெல்லாம் பயிற்சியில் சொன்னதுதான், மறுபடி சொல்லவில்லை.

திறந்த நாலாம் நாள் ஒரு ஆத்தா வந்தார். வயசு எழுபதுக்கு மேல். கடைக்கு ஓரமாக வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே இருக்கிறார். அன்றைக்கு முறை போட்டிருந்த சகோதரி, "உள்ள வந்து உக்காருங்க ஆத்தா" என்று கூப்பிட்டார். ஆத்தா வந்தார், பெஞ்சில் உட்காரவில்லை. முந்தானைக்குள் கைவிட்டு ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து நீட்டினார். வீட்டில் இருந்தே கொண்டுவந்திருக்கிறார்! "அது வேணாம் ஆத்தா, உள்ள வச்சுக்கங்க" என்று சொல்லி, கடைக் கிளாஸில் டீ ஊற்றி, கையில் கொடுத்தார் நம் சகோதரி. ஆத்தா கொஞ்ச நேரம் கிளாஸையே பார்த்தார். அப்புறம் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, தேங்காய் பன்னை நனைத்து நனைத்துச் சாப்பிட்டார்.

இங்கே நிறுத்தினால் கதை நன்றாக இருக்கும். ஆனால் சாப்பிட்டு முடித்த ஆத்தா எழுந்து, குழாயடிக்குப் போய், கிளாஸைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். நம் சகோதரி பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். தடுக்கத் தெரியவில்லை. வாரக் கூட்டத்தில் அவரே எழுந்து இதைச் சொன்னார், அழுதார். "அவுக கழுவுறப்ப எனக்கு ஒண்ணும் தோணல. வீட்டுக்கு வந்தப்புறம்தான் தோணுச்சு. வழக்கமா நடக்குறதுதானேன்னு என் கண்ணுக்கே பட்டுருக்கு." அந்தக் கூட்டத்தில் எங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பட்டம் வாங்கிப் பயிற்சி கொடுக்க வந்த எங்களுக்கும் அது படாமல் போயிருக்கும்.

ஆத்தா மறுபடி வந்தபோது கிளாஸை வாங்கிக்கொண்டார்கள். நாலைந்து தடவை கிட்டத்தட்ட பிடுங்க வேண்டியிருந்ததாம்.

வியாபாரம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். விழுந்தது. காலையில் வந்துகொண்டிருந்த சில ஆண்கள் வருவதை நிறுத்தினார்கள். யாரும் சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை, வராமல் இருந்தார்கள். முதல் மாதத் தவணையைக் குழுச் சேமிப்பில் இருந்து எடுத்துக் கட்டினார்கள். மனசில்லாமல் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் "அன்னைக்கே சொன்னோம்" என்றார்கள்.

அதற்குப் பிறகு கணக்கு கொஞ்சம் கொஞ்சமாக வேறு பக்கத்தில் இருந்து ஏறியது. வேலை முடிந்து வருகிற பெண்கள் மத்தியானத்தில் வர ஆரம்பித்தார்கள். ரேஷன் கடைக்கு வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நிற்பவர்கள். "இங்கன உக்காரலாமா?" என்று கேட்டுவிட்டு உட்காருகிறார்கள். உட்கார்ந்தால் சீக்கிரம் எழுந்திருப்பதில்லை. டீ ஒன்று, பேச்சு ஒரு மணி நேரம். வியாபாரத்துக்கு அது நஷ்டம்தான் என்று கடைக்காரச் சகோதரிகள் சிரித்துக்கொண்டே குறைப்படுகிறார்கள். ஒரு அக்கா, நாக்கைச் சுட்டுக்கொண்டாரே அவர்தான், இப்போது டீ நன்றாக இல்லை, சீனி கூட, டிக்காஷன் ஆறிப்போச்சு என்று தினமும் குறை சொல்கிறாராம். எங்களுக்கு அதைக் கேட்டதும் சந்தோஷம். குறை சொல்கிற தைரியம் உட்கார இடம் கிடைத்த பிறகுதான் வரும்.

வராமல் போன ஆண்களில் சிலர் சாயங்காலம் கீரை வடை போட ஆரம்பித்ததும் திரும்பி வந்துவிட்டார்கள். வடைக்கு அந்தச் சக்தி உண்டு. எல்லோரும் வரவில்லை. இன்றைக்கும் இரண்டு மூன்று பேர் கடையைத் தாண்டி அடுத்த கடைக்குத்தான் போகிறார்கள். தவணை இப்போது கடை வருமானத்திலேயே கட்டுகிறார்கள். சேமிப்பில் இருந்து எடுத்த பணத்தை இன்னும் முழுதாகத் திருப்பிப் போடவில்லை.

பெரிய ஊர்களில் இப்படி நடந்தது இல்லையா என்று கேட்டால், நடந்திருக்கிறது. 1957இல் காப்பி வாரியம் தன் காப்பிக் கடைகளை மூடியபோது, வேலை இழந்த தொழிலாளர்கள் ஏ.கே.கோபாலன் துணையோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்து 'இந்தியன் காப்பி ஹவுஸ்' கடைகளைத் தாங்களே நடத்த ஆரம்பித்தார்கள். பல ஊர்களில் இன்னும் நடக்கிறது. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்களில் சமைத்துப் பரிமாறியவர்கள் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள். அங்கே ஒரு ரூபாய் இட்லிக்கு வரிசையில் நின்ற எல்லோருக்கும் ஒரே மாதிரித் தட்டு. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் நடத்தும் உணவுக்கடைகளும் பேர்பெற்றவை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் மாவட்டத்தில் 1991, 92இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். இந்தக் கூட்டத்திலேயே அப்போது கற்றவர்கள் இருக்கிறீர்கள். கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பார்த்தீர்களா! அன்றைக்கு ரோட்டில் என்னென்ன பேச்சுக் கேட்டீர்கள் என்று இளசுகளுக்குச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவில் இருந்தும் இரண்டு பேர், ஒருவர் ஊருக்குள் இருந்து, ஒருவர் காலனியில் இருந்து, சேர்ந்து உங்கள் ஊர் டீக்கடைக்குப் போய், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு வர வேண்டும். எந்தக் கிளாஸில் கொடுத்தார்கள், யார் கழுவினார்கள், டீ எப்படி இருந்தது, மூன்றையும் வந்து சொல்லணும். தனியாகப் போகப் பயமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், நாங்களும் வருகிறோம். டீக்காசு மட்டும் அவரவர் கொடுக்க வேண்டியது.