தாய்க்குத் தெரிந்தால் போதும்

தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் உழைத்து நம்மைப் படிக்க வைத்த தாய்மார்களே!

பெண் குழந்தையின் பிறப்புறுப்பை வெட்டும் பழக்கம் உலகில் இன்னும் இருக்கிறது. 23 கோடிப் பெண்களுக்கு மேல் இதற்கு ஆளானதாக 2024-இல் யுனிசெப் கணக்கிட்டது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் தாவூதி போரா சமூகத்தில் உண்டு. தமிழ் பேசும் இலங்கை முஸ்லிம்கள் சிலரிடமும் உண்டு. அங்கே பிறந்து நாற்பது நாளுக்குள் 'ஒஸ்தா மாமி' வருவாள். குர்ஆனில் இது சொல்லப்படவில்லை.

மருத்துவப் பயன் ஒன்றுமில்லை. ரத்தப்போக்கு, சீழ், சிறுநீர்க் கோளாறு, பிற்காலத்தில் பிரசவச் சிக்கல் என்று வினைகள்தான் வரும். கூட்டிப்போவது எதிரியா? இல்லீங்க, பெற்ற தாயும் பாட்டியும்தான்! சுத்தம் என்று நம்பி, பாசத்தோடு செய்கிறார்கள்.

மருத்துவர்கள் இதைச் செய்யக்கூடாதென்று 2018-இல் இலங்கைச் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட்டது. ஒஸ்தா மாமி சுற்றறிக்கை படிப்பாளா? தாய்தான் தடுக்க வேண்டும்.

நம்ம வீட்டில் மட்டும் என்ன வாழுதாம்? மகள் எரிச்சல், வெள்ளைப்படுதல் என்றால், "வெளியே சொல்லாதேடி" என்கிறோம். அங்கே கத்தியைக் காப்பாற்றுவதும் இதே மௌனம்தான். இன்றிரவு மகளை அருகில் உட்காரவைத்துக் கேளுங்கள்.