புருவத்துக்கு ஊசி, வெயிலுக்கு நிழல்

கெட்ட உணவில் உண்டாகும் பொட்டுலினம் நச்சு மருந்தாகலாம் என்று ஜெர்மன் வைத்தியர் யுஸ்டினுஸ் கெர்னர் 1822இலேயே எழுதினார். அமெரிக்கா 1989இல் மாறுகண்ணுக்கும், 2002இல் புருவ இடைக்கோடுகளுக்கும் அதை அனுமதித்தது. நஞ்சை முகத்தில் ஏற்றுவதா என்று கேட்பார்கள். நியாயமான அச்சம்தான், ஆனால் மிகச் சிறு அளவில் அது நரம்பு தசைக்கு இடும் கட்டளையை மூன்று, நான்கு மாதம் தடுக்கும், பிறகு தசை பழையபடி இயங்கும். என் ஐயம் வேறு. இரத்தினபுரி, கேகாலை மலைகளில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களின் முகக்கோடுகளில் பெரும்பங்கு வெயில் கீறியது. தசையைத் தளர்த்தும் ஊசி வெயில் தின்ற தோலைப் புதுப்பிக்காது. அழகாசை தோட்டத்தாருக்கு ஆகாதா? தாராளமாக ஆகும்; அதற்கு முதல் செலவு அகலமான தொப்பி. ஊசியேதான் வேண்டுமென்றால், அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளாமல், இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற வைத்தியரிடம் போங்கள்.