ஆடாத ஆட்டம்

1974ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பை டென்னிஸ் பந்தயத்தின் இறுதிச் சுற்றுக்கு இந்தியா வந்து சேர்ந்தது. எதிரே நின்ற நாடு தென்னாப்பிரிக்கா. அந்த இறுதிச் சுற்று நடைபெறவேயில்லை. நிறவெறியை அரசுக் கொள்கையாகக் கொண்ட நாட்டோடு நம் ஆட்டக்காரர் ஆடுவதற்கில்லை என்று இந்திய அரசாங்கம் முடிவு செய்தது. ஒரு பந்தும் வலையைத் தாண்டாமலே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. வெற்றி பெற்றவர் பட்டியலில் 1974க்கு நேராக அந்த நாட்டின் பெயரே இன்றளவும் நிற்கின்றது.

நாம் விட்டுக்கொடுத்தது எளிய பொருள் அன்று. முந்திய ஆண்டில் கோப்பையை வென்றிருந்த ஆஸ்திரேலியாவை அவ்வாண்டு கல்கத்தாவில் 3-2 என்ற கணக்கில் இந்தியா வீழ்த்தியிருந்தது. ஐந்து ஆட்டங்களிலும் சேர்த்து 327 கேம்கள் ஆடப்பட்டன என்றால், அந்தப் போராட்டம் எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அந்த அணியின் தூண்கள் சென்னையைச் சேர்ந்த ஆனந்த் அமிர்தராஜ், விஜய் அமிர்தராஜ் என்னும் சகோதரர்கள். விஜய்க்கு அப்போது இருபது வயது. முந்திய ஆண்டில் விம்பிள்டனிலும் அமெரிக்கப் போட்டியிலும் காலிறுதிவரை சென்று உலகின் கண்ணில் பட்டிருந்தவர். அரையிறுதியில் சோவியத் யூனியனை நாம் 3-1 என்று வென்றது புனே நகரில்.

புனே எங்கள் அம்பர்நாத்துக்கு அயலூர் போன்றது. கல்யாணில் வண்டி மாறினால் கர்ஜத் தாண்டி மலையேறிவிடலாம். படைத்தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர், விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த அரையிறுதியைக் காணச் சென்றவர், இன்றும் அதைச் சொல்லத் தொடங்கினால் எளிதில் நிறுத்தமாட்டார். இறுதிச் சுற்றைப் பற்றிக் கேட்டால் மட்டும், “அது நடக்கவில்லையே” என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். அவர் குரலில் வருத்தமும் பெருமையும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இவ்வாறு மறுப்பதைக் குறிக்க நம் முன்னோர் ‘பகிஷ்காரம்’ என்றனர். இன்று ‘புறக்கணிப்பு’ என்கிறோம். சர்க்கார் காகிதங்களை மொழிபெயர்த்துப் பிழைப்பவனாதலால் சொற்களின் பூர்வோத்தரத்தை ஆராயும் பழக்கம் என்னை விடுவதில்லை. ஆங்கிலச் சொல்லாகிய ‘பாய்காட்’ ஒரு மனிதரின் பெயர். 1880இல் அயர்லாந்தில் நிலச்சுவான்தாரின் ஏஜெண்டாக இருந்த கேப்டன் பாய்காட் என்பவரோடு எவரும் பேசுவதில்லை, அவருக்கு எவரும் வேலை செய்வதில்லை என்று குடியானவர்கள் தீர்மானித்தனர். நம் கிராமங்களில் ஊர்க்கட்டுப்பாடு என்று சொல்வதற்கும் அதற்கும் பெரிய பேதம் இல்லை. சிறுவர்கள் காய் விடுவதும் பிறகு பழம் விடுவதும் இதே சாஸ்திரத்தின் பாலபாடமே. காய் விட்ட பையனின் கருத்து, எதிரியோடு என்றென்றும் பேசாதிருப்பதன்று. பேசாமையைக் காட்டிப் பேசவைப்பது. தேசங்களுக்கிடையே அதற்கு ராஜதந்திரம் என்று பெயர் வைத்திருக்கின்றனர்.

தென்னாப்பிரிக்காவோடு நமக்கு உண்டான பிணக்கு விளையாட்டு மைதானத்தில் பிறந்தது அன்று. 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றது. அவர்களுள் தமிழர் ஏராளம். அவர்களின் சந்ததியார் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் தடை விதித்து 1946இல் அந்த நாடு ஒரு சட்டம் இயற்றியது. அவ்வாண்டே இந்தியா அதனோடு வாணிபத்தை நிறுத்திற்று. ஐக்கிய நாடுகள் சபையிலும் முறையீடு செய்தது. நாம் சுதந்திரம் பெறுவதற்கு ஓராண்டு முன்னரே இது நடந்தது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். பின்னர் நெடுங்காலம் நம் பாஸ்போர்ட்டுகளில் அந்த நாட்டுக்குச் செல்ல இது செல்லாது என்ற குறிப்பு அச்சாகியிருந்தது. ஆகவே 1974இல் டென்னிஸ் ஆட்டக்காரரை அனுப்ப மறுத்தது திடீரென்று எழுந்த கோபம் அன்று. இருபத்தெட்டு ஆண்டுகளாகச் சொல்லிவந்த வாக்கியத்தின் இன்னொரு பகுதியே அது. அதே ஆண்டு நவம்பரில் ஐ.நா. பொதுச் சபையும் தென்னாப்பிரிக்காவைத் தன் நடவடிக்கைகளில் கலந்துகொள்ளாதபடி விலக்கிவைத்தது.

அந்நாட்டினுள் விளையாட்டு எந்நிலையில் இருந்தது? சேவ்கோலும் என்னும் இந்திய வம்சாவளியினர் ஒருவர் இருந்தார். ‘பாப்வா’ என்று அழைப்பார்கள். வெள்ளையர்களின் கோல்ப் மட்டைப் பையைத் தூக்கிச் சென்ற சிறுவர். கைகளை எல்லாரும் வைப்பதற்கு மாறாக மேல்கீழாக வைத்துத் தாமே ஆட்டம் பயின்றவர். 1963இல் டர்பனில் நடந்த நேட்டால் போட்டியில் அவரே முதல்வராக வந்தார். வெள்ளையரல்லாதார் கிளப்பு மாளிகைக்குள் நுழையலாகாது. தோற்றவர்கள் உள்ளே அமர்ந்திருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று பரிசைப் பெற்றுக்கொண்டார். அந்தப் புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. நூறு பிரசங்கங்கள் செய்யாத வேலையை அது செய்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். தென்னாப்பிரிக்காவைப் புறக்கணியுங்கள் என்று முதலில் கேட்டவர்கள் தில்லியிலோ லண்டனிலோ இருந்த அதிகாரிகள் அல்லர். அந்நாட்டிலேயே ஒதுக்கப்பட்டிருந்த ஆட்டக்காரர்கள். 1956இல் உலக மேஜைப்பந்து சம்மேளனம் வெள்ளையர் சங்கத்தை விட்டு, எல்லா இனத்தாரும் சேர்ந்த சங்கத்தை அங்கீகரித்ததே இவ்வகையில் முன்னோடியான வெற்றி. டர்பனில் பிறந்த சாம் ராம்சாமி பிற்காலத்தில் லண்டனில் இருந்துகொண்டு இந்த இயக்கத்தை ஆண்டுக்கணக்காக நடத்தினார். எங்கள் நாட்டோடு ஆடாதீர்கள், அதனால் எங்களுக்கும் ஆட்டம் கிடைக்காமற் போனாலும் போகட்டும் என்று பாதிக்கப்பட்டவர்களே சொன்னார்கள். மற்றப் புறக்கணிப்புகளுக்கு இல்லாத தார்மிக பலம் இதற்கு இருந்தது அதனால்தான் என்பது என் துணிபு.

இன்னொரு காரணமும் உண்டு. எண்ணெயையும் ஆயுதத்தையும் தடுத்தால் புறவாசல் வழியாக வாங்கிக்கொள்ளலாம், வாங்கவும் செய்தார்கள். ஆனால் கிரிக்கெட்டில் டெஸ்ட் ஆட்டத்தைப் புறவாசல் வழியாக ஆட முடியாது. முயற்சி செய்யாமலும் இல்லை. 1980களில் பணத்தை வாரியிறைத்து இங்கிலாந்திலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் ஆட்டக்காரரைத் திரட்டிக் கொண்டுவந்தனர். வந்தவர்களைத் தத்தம் நாடுகள் தடைசெய்தன. ரக்பியும் கிரிக்கெட்டும் உயிர்மூச்சாகக் கொண்ட வெள்ளைக் குடும்பத்துக்கு, உலகம் தன்னை வேண்டாம் என்கிறது என்ற செய்தி ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது.

இனி, சமபலமுள்ள இரு வல்லரசுகள் ஒன்றையொன்று புறக்கணித்த கதையைப் பார்ப்போம். 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் புகுந்தன. அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர், 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் தம் நாடு கலந்துகொள்ளாது என்றார். அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் மாஸ்கோவுக்குச் செல்லவில்லை. இந்தியா சென்றது. ஹாக்கியில் ஜெர்மனி, ஹாலந்து, பாகிஸ்தான் முதலிய வலிய அணிகள் இல்லாமல் ஆறே அணிகள் ஆடின. சென்னைவாசியான வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் நம்மவர் இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றனர். அந்தப் பதக்கத்தைச் சிலர் குறைத்துப் பேசுவது எனக்கு உடன்பாடு அன்று; வராதவர்களைத் தோற்கடிக்கவில்லை என்று வந்தவர்களைக் குறை சொல்வது என்ன நியாயம்? அஃது இருக்கட்டும். மாஸ்கோவைப் புறக்கணித்ததனால் ஆப்கானிஸ்தானிலிருந்து ஒரு சிப்பாயும் திரும்பவில்லை. கடைசிப் படை வெளியேறியது 1989 பிப்ரவரியில். அதன் காரணங்கள் முற்றும் வேறு. நான்கு ஆண்டு கழித்து லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்குச் சோவியத் யூனியனும் அதன் தோழமை நாடுகளும் செல்லாமல் பழி தீர்த்துக்கொண்டன. காய்க்குக் காய், பழம் விடுவார் இல்லை. ஆண்டுக்கணக்காக உழைத்துத் தயாராயிருந்த இருதரப்பு இளைஞர்களும் வீட்டில் இருந்தனர்.

1986இல் எடின்பரோவில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுகளை இந்தியா உட்பட 32 நாடுகள் புறக்கணித்தன. தென்னாப்பிரிக்கா அந்தப் பந்தயத்திலேயே இல்லை. குறி, அதன்மீது பொருளாதாரத் தடை விதிக்கத் தயங்கிய பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் அம்மையார். ஒருவனை அடிக்க இன்னொருவன் வீட்டுத் திண்ணையை விட்டு எழுந்து போவதும் உண்டு போலும்.

மறுப்பதற்கு எதிர்முனையில், ஆடச் சம்மதிப்பதும் ஒரு சமிக்ஞையாகும். 1971 ஏப்ரலில் அமெரிக்க மேஜைப்பந்து ஆட்டக்காரரைச் சீனா வரவேற்றதையும், அடுத்த ஆண்டே ஜனாதிபதி நிக்ஸன் பீக்கிங் சென்றதையும் அனைவரும் அறிவர். நம் நாட்டில் நடந்த ஒன்றை அவ்வளவாக எவரும் நினைப்பதில்லை. இஸ்ரேலோடு நமக்கு அப்போது முழு ராஜீய உறவு இல்லை. மும்பையில் ஒரு கான்சல் அலுவலகம் 1953 முதல் இருந்தது, அவ்வளவே. 1975இல் கல்கத்தாவில் நடந்த உலக மேஜைப்பந்துப் போட்டிக்கு இஸ்ரேலியருக்கும் தென்னாப்பிரிக்கருக்கும் நாம் இடம் அளிக்கவில்லை. ஆனால் 1987இல் டேவிஸ் கோப்பைக் காலிறுதியில் இந்தியாவுக்கு எதிரியாக இஸ்ரேல் வாய்த்தபோது, ராஜீவ் காந்தியின் அரசாங்கம் அந்த அணியைத் தில்லிக்கு வர அனுமதித்தது. நாம் 4-0 என்று வென்றோம். பிறகு சிட்னியில் ஆஸ்திரேலியாவையும் வென்று, விஜய் அமிர்தராஜும், ராமநாதன் கிருஷ்ணனின் புதல்வர் ரமேஷும் இருந்த அணி மூன்றாம் முறையாக இறுதிச் சுற்றை எட்டி, ஸ்வீடனிடம் தோற்றது. இஸ்ரேலோடு தூதர்களை மாற்றிக்கொள்ளும் முழு உறவு ஏற்பட்டது 1992 ஜனவரியில். பந்து முன்னே சென்று கதவைத் தட்டிப் பார்த்தது. தூதர் பின்னே சென்றார். தமிழில் தூது என்பதற்கு ஓர் அதிகாரமே வகுத்திருக்கின்றார் திருவள்ளுவர். பந்தையும் தூது விடலாம் என்று சேர்த்துக்கொண்டால் அவர் மறுக்கமாட்டார்.

தென்னாப்பிரிக்காவின் கதையும் அவ்வாறே முடிந்தது. நிறவெறிச் சட்டங்கள் தளரத் தொடங்கியதும், 1991 நவம்பர் 10ஆம் நாள் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் அந்நாட்டுக் கிரிக்கெட் அணி மீண்டும் சர்வதேச அரங்கேறியது. இருபத்தோராண்டு ஒதுக்கம் முதல்முதல் விதித்த நாட்டிலேயே நீங்கிற்று. ராஜீய உறவு மீண்டதோ 1993இல். இதில் ஒரு விசித்திரம்: அந்தப் பருவத்தில் இந்தியா வரவிருந்தது பாகிஸ்தான் அணி. மும்பை வான்கடே மைதானத்தின் ஆடுகளத்தைச் சிலர் தோண்டிப் பாழ்படுத்தியபின் அந்தப் பயணம் நின்றது; அந்த இடைவெளியில்தான் தென்னாப்பிரிக்கா வந்தது. ஓர் அரசாங்கம் யோசித்து மறுப்பது வேறு, இரவில் மண்வெட்டி மறுப்பது வேறு. முன்னதை நாளை விலக்கிக்கொள்ளலாம். பின்னதை யாரிடம் பேசி விலக்குவது?

பாகிஸ்தானோடு நமக்குள்ள விவகாரம் இன்னும் தீரவில்லை. 2008 நவம்பரில் எங்கள் மும்பையில் நடந்த கொடுமைக்குப் பிறகு நம் கிரிக்கெட் அணியின் பாகிஸ்தான் பயணம் ரத்தாயிற்று. 2012-13க்குப் பின்னர் இரு நாட்டுக்கும் இடையே தனித் தொடர் நடைபெறவில்லை. மும்பை ரயிலில் தினம் பிரயாணம் செய்பவனுக்கு இதில் நடுநிலை வகிப்பது எளிதன்று என்பதையும் சொல்லிவிடுகின்றேன். எனினும் மறுப்பதற்குக் கட்டணம் உண்டு. 2019 பிப்ரவரியில் தில்லியில் நடந்த துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பாகிஸ்தானியருக்கு விசா கிடைக்காமற் போனதும், சர்வதேச ஒலிம்பிக் குழு இந்தியாவில் எதிர்காலப் பந்தயங்கள் நடத்துவது பற்றிய பேச்சையே நிறுத்திவைத்தது. எல்லா நாட்டாரையும் அனுமதிப்போம் என்று அரசு எழுத்து மூலம் உறுதி அளித்த பின்னரே, அவ்வாண்டு ஜூனில் அது விலகிற்று. 2025 ஆகஸ்டில் மத்திய விளையாட்டு அமைச்சகம் வெளியிட்ட கொள்கையில் இந்த அனுபவத்தின் சாயலைக் காணலாம்: பாகிஸ்தானோடு தனியாக ஆடுவதில்லை, பல நாடுகள் கூடும் பந்தயத்தில் ஆடுவோம், இங்கு நடந்தால் அவர்களும் வரலாம் என்பது அதன் சாரம்.

இவற்றில் ஆட்டக்காரரை எவரும் கலந்துகொள்வதில்லை. அரசாங்கத்துக்கு அடுத்த ஆண்டு உண்டு, அதற்கடுத்த ஆண்டும் உண்டு. இருபது வயதுக் கைக்கு அப்படியில்லை. விஜய் அமிர்தராஜ் 1974 முடிவு சரியானதே என்று பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். ஆனால் இந்தியா மூன்று முறை இறுதிச் சுற்றை எட்டியும் டேவிஸ் கோப்பை இன்றுவரை நம் நாட்டுக்கு வரவில்லை. அந்த மூன்றில் மிக அருகில் வந்தது எது என்று கேட்டால் ஆடாத அந்த ஆட்டத்தையே பழைய ரசிகர்கள் காட்டுவார்கள்.

2025 நவம்பரிலும் டிசம்பரிலும் இளைஞர் உலகக்கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றது. மேற்கண்ட கொள்கைப்படி பாகிஸ்தான் இளைஞர்கள் வரத் தடையில்லை. அவர்கள் நாடே அனுப்ப மறுத்துவிட்டது. இந்தியா இடம்பெற்ற பிரிவிலேயே அவர்களும் இருந்தனர். அவர்களுக்குப் பதிலாக ஓமான் நாட்டு அணி வந்து, இந்தியாவிடம் 17-0 என்ற கணக்கில் தோற்றுத் திரும்பிற்று.