மனையை வெட்டாதீர்கள், பங்கைப் பிரியுங்கள்!

(வணிகர்கள், இளைஞர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாப்பா மவுத்தாகிவிட்டால் நம் ஊர்களில் என்ன செய்கிறோம்? சர்வேயரைக் கூப்பிடுகிறோம், கயிறு பிடிக்கிறோம், இருக்கிற ஒரு மனையை மூன்றாக வெட்டுகிறோம். "உன் பங்கு உனக்கு, என் பங்கு எனக்கு" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறோம். அன்றைக்கு வெட்டியது மண்ணை மட்டுமல்ல, அந்த மண்ணின் மேல் எழும்பக்கூடிய வீடுகளையும் சேர்த்துத்தான் என்பது பத்து வருடம் கழித்து, கட்டப் போகும்போதுதான் தெரிகிறது.

உங்கள் மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதை உங்கள் பணம் முடிவு செய்வதில்லை. விதி முடிவு செய்கிறது. சென்னைக்கு ஒன்று, மற்ற ஊர்களுக்கு வேறு என்று இருந்த விதிகளை ஒன்றாக்கி, தமிழ்நாடு முழுமைக்கும் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 பிப்ரவரியில் வந்தன. அதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது தளப்பரப்புக் குறியீடு. எஃப்.எஸ்.ஐ. என்று இஞ்சினியர்கள் சொல்வார்களே, அதுதான். எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி, மனையின் பரப்பால் வகுத்தால் வருகிற எண். சென்னையில் சாதாரணக் கட்டடங்களுக்கு 2008ஆம் ஆண்டின் இரண்டாவது முழுமைத் திட்டத்தில் அது 1.5 ஆக இருந்தது. 2019இல் 2 ஆனது. ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி மனையில் முன்பு 3600 சதுர அடி. இப்போது 4800.

"மூன்றாக வெட்டினாலும் ஆளுக்கு 800 சதுர அடி மனை, 1600 சதுர அடி கட்டடம். கூட்டினால் அதே 4800தானே?" என்று நீங்கள் கேட்கலாம். வியாபாரிகள், கணக்கு சரியாகத்தான் போடுவீர்கள்! ஆனால் கட்டிப் பாருங்கள். 40 அடி அகலம், 60 அடி நீள மனையை நீளவாக்கில் மூன்றாக்கினால் ஒவ்வொன்றும் 13 அடி சொச்சம். பக்கத்தில் காலி இடம் ஒரு மூன்று அடி விடுவதாக வையுங்கள். மிஞ்சுவது பத்தடி. அதில் மாடிப்படி மூன்று அடியைத் தின்னும். மூன்று வீட்டுக்கும் மூன்று மாடிப்படி, மூன்று செப்டிக் தொட்டி, மூன்று போர். முன்னும் பின்னும் விட வேண்டிய இடம் தனி. விதி கொடுத்த 1600 காகிதத்தில் இருக்கும், வீட்டில் இருக்காது. குறுக்கே வெட்டினாலோ இன்னும் மோசம். பின்னால் இருப்பவனுக்கு நாலடிச் சந்துதான் வழி. அவனுக்குத் திட்ட அனுமதி கிடைப்பதே பெரும்பாடு.

ஏனென்றால் விதி மனையைப் பார்ப்பதற்கு முன் சாலையைப் பார்க்கிறது. அரசுக்குக் கட்டணம் செலுத்திக் கூடுதல் தளப்பரப்பு வாங்கலாம் என்று ஒரு வழி இருக்கிறது. 2019 விதிகளில் அது சாலை 18 மீட்டரும் அதற்கு மேலும் அகலமானால் 50 சதவீதம், 12 மீட்டர் முதல் 40, 9 மீட்டர் முதல் 30. அதற்கும் குறைந்த தெருவில் காசை நீட்டினாலும் கிடைக்காது. 18 மீட்டர் சாலையில் பெரிய மனை வைத்திருப்பவர் உயரமான அடுக்குமாடிக்கு 3.25 வரை போகிறார். நம் மக்கள் நெருக்கி வாழ்கிற தெருக்கள் எத்தனை மீட்டர்? நீங்களே அளந்து பாருங்கள். இருப்பவனுக்கே மேலும் கொடுக்கிற ஏற்பாடு இது என்பது என் கருத்து. நெருப்பு வண்டி உள்ளே நுழைய வேண்டும் என்ற நியாயத்தையும் மறுப்பதற்கில்லை.

விதியை மீறிக் கட்டிவிட்டு அபராதம் கட்டலாம் என்று எண்ணுகிற வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. 2011 அக்டோபர் கடைசியில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் இருபதுக்கும் மேற்பட்ட கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். தீபாவளி முடிந்த கையோடு!

மும்பை பேண்டி பஜாரை உங்களில் பலர் வியாபாரத்துக்காகப் பார்த்திருப்பீர்கள். துண்டு துண்டாக, இற்றுப்போன கட்டடங்கள். அங்கே தனித்தனி மனையில் பெரிதாக எதுவும் செய்வது கடினம். ஆனால் பல மனைகளை ஒன்றாகச் சேர்த்தால் குறியீடு 4 வரை தரும் விதி மும்பையில் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு போரா சமுதாயத்தினர் 2009இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, 16.5 ஏக்கரில் சுமார் 250 கட்டடங்களை ஒரே திட்டத்தில் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 3200 குடும்பங்கள். தகராறு இல்லாமல் இல்லை. தாமதமும் ஆனது. 2017 ஆகஸ்ட் 31 அன்று அந்தத் திட்டப் பகுதியில் ஆட்கள் இன்னும் குடியிருந்த ஹுசைனி கட்டடம் இடிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சேருவதில் சுணங்கினால் என்ன விலை என்பதை அந்த ஒரு காலைப் பொழுது காட்டியது.

"பங்கு பிரிப்பது மார்க்கக் கடமையாயிற்றே?" என்பீர்கள். ஆம், கடமைதான். சூரத்துன் நிஸா விகிதத்தை நிர்ணயித்திருக்கிறது, மண்ணில் கோடு போடும்படி சொல்லவில்லை. மனையை முழுதாக வைத்து, பிரிபடாத பாகமாக ஒவ்வொருவர் பெயரிலும் விகிதப்படி பதிவு செய்யுங்கள். ஒரே மாடிப்படி, ஒரே தண்ணீர்த் தொட்டி வைத்து, ஆளுக்கொரு தளமாகக் கட்டுங்கள். கீழே கடை, மேலே வீடுகள். யார் எந்தத் தளம், விற்பதானால் யாரிடம் முதலில் கேட்பது, பராமரிப்புச் செலவு எப்படி என்பதைச் செங்கல் வைக்கும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். கூட்டாக இருந்தால் சண்டை வரும்தான். சந்துக்காகவும் சாக்கடைக்காகவும் இப்போது வருகிற சண்டை மட்டும் சிறியதா?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. "சின்ன மனை, இதில் உனக்கு எங்கே வெட்டிக் கொடுப்பது?" என்று சொல்லித்தானே சகோதரிகளின் பங்கை விழுங்குகிறார்கள்? பிரிபடாத பாகத்தில் அந்தச் சாக்குக்கு இடமில்லை.

ஆகவே சர்வேயரைக் கூப்பிடும் முன்பு, பட்டாவையும் தெருவின் அகலத்தையும் எடுத்துக்கொண்டு பதிவு பெற்ற இஞ்சினியரிடம் போங்கள். வெட்டினால் ஒரு பிளான், வெட்டாவிட்டால் ஒரு பிளான், இரண்டும் போட்டுத் தரச் சொல்லுங்கள். உம்மாவையும் சகோதரிகளையும் உட்காரவைத்து இரண்டையும் விரித்துக் காட்டுங்கள்.