வீட்டுக் குளிரூட்டி: திருத்துவதா, மாற்றுவதா?

யாழ்ப்பாணத்திலே சித்திரை பிறந்து சோளகம் எழும்வரையும், மட்டக்களப்பிலே கச்சான் காற்று வீசும் காலத்திலும் மக்கள் படுகின்ற வெக்கையை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. முன்னாளில் அந்த வெக்கைக்கு நம் வீடுகளே விடை கூறின. நாற்சார் வீட்டின் நடுமுற்றம் சூடேறிய காற்றை மேலே போகவிட்டது. கிடுகு வேய்ந்த தாழ்வாரம் வெயிலை வாசலிலேயே நிறுத்தியது. இன்றோ கொங்கிறீற்றுத் தட்டும் தகட்டுக் கூரையும் இறுக அடைத்த கண்ணாடி யன்னலும் வந்துவிட்டன. பகல் முழுதும் குடித்த வெப்பத்தைச் சுவர்கள் இரவு முழுதும் கக்குகின்றன. ஆகவே, ஒருகாலத்தில் செல்வந்தர் வீட்டு அலங்காரமாக இருந்த குளிரூட்டி, இன்று முதியவரும் நோயாளியும் கைக்குழந்தையும் உறங்குகின்ற அறைக்கு வேண்டிய பொருளாகிவிட்டது. பலர் அதனைக் கடன்பட்டே வாங்குகின்றனர். அது பழுதுபட்டு நின்றுவிட்டால், திருத்துவதா, வேறொன்று வாங்குவதா என்ற கேள்வி ஒரு குடும்பத்தின் பல மாத வரவு செலவைத் தீர்மானித்துவிடுகின்றது.

நான் வரலாறு படித்தவன். எந்திரவியல் என் துறையன்று. ஆயினும், ஒரு பொருள் எவ்வாறு இயங்குகின்றது என்பதை ஓரளவேனும் அறிந்தவனை ஏமாற்றுதல் எளிதன்று.

குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகின்றது; அவ்வளவே. மட்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தைக் கொண்டு செல்வதால் உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறதல்லவா? அதே நியாயந்தான் இங்கும். அறைக்குள்ளிருக்கும் செப்புக் குழாய்ச் சுருளிலே ஒரு திரவம் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகின்றது. அந்த ஆவியை, வெளியே உள்ள கொம்பிரசர் என்னும் அமுக்கி அழுத்திச் சூடேற்றி மற்றொரு சுருளுக்குள் செலுத்த, அங்கே அது வெப்பத்தை விட்டு மீண்டும் திரவமாகின்றது. இந்த யந்திரம் மனிதரின் சுகத்துக்காகப் பிறந்ததுமன்று. 1902 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்கிளினில் இருந்த அச்சகமொன்றில் ஈரக் காற்றினால் கடதாசி விரிந்து சுருங்கி, வர்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது போயின. அக்குறையைத் தீர்ப்பதற்கு வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர் வகுத்த திட்டமே நவீன குளிரூட்டியின் தொடக்கம். கடதாசிக்குக் கிடைத்த சௌகரியம் பின்னரே மனிதருக்குக் கிடைத்தது.

நான் கூறிய அந்தச் சுற்று முற்றாக மூடப்பட்டது என்பதை நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டும். மோட்டார் வண்டியில் பெற்றோல் தீர்வதைப்போல அதிலுள்ள காஸ் தீர்ந்துபோவதில்லை. காஸ் குறைந்திருக்கிறதென்றால் எங்கோ ஒழுக்கு இருக்கிறதென்பதே பொருள். எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் ஓராண்டில் மூன்று முறை ‘காஸ் அடித்தார்’. வந்தவர் ஒவ்வொரு முறையும் பணம் பெற்றுச் சென்றாரேயன்றி, ஒழுக்கு எங்கே என்று ஒருமுறையாவது தேடினாரில்லை. நான்காம் முறை வேறொருவர் வந்து, குழாய்ப் பொருத்தொன்றில் சவர்க்கார நுரையைப் பூசிப் பார்த்தார், குமிழி கிளம்பிற்று. அரைமணி நேர வேலையோடு தொல்லை தீர்ந்தது. காஸ் போதாதென்று ஒருவர் சொன்னால், “ஒழுக்கைக் காட்டுங்கள்” என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

குளிர் குறைவதற்குக் காரணம் பல வேளைகளில் இன்னும் அற்பமானது. உள்ளே இருக்கும் வலைத்தட்டில் தூசி அடைத்திருக்கும். அதனைக் கழற்றிக் கழுவ வீட்டிலுள்ளவர்களாலேயே முடியும். வெளியலகின் மெல்லிய தகடுகளில் புழுதியும் தும்பும் படிந்திருக்கலாம். விசிறி சுழன்றும் அமுக்கி இயங்காது நின்றால், கப்பாசிற்றர் என்னும் சிறு மின்னுறுப்பை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். அதன் விலை சொற்பம். ஆனால் அதனை நீங்களாகத் திறந்து தொடுதல் ஆகாது. மின்னை நிறுத்திய பின்னரும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

அப்படியாயின் எப்போது மாற்றுவது? அமுக்கியே எரிந்துபோய், யந்திரத்துக்கும் பத்து வயது கடந்துவிட்டால், திருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று அரித்து வெளிச்சுருளின் தகடுகள் தொட்டவுடன் உதிருமானால், அதற்குச் செலவிடுவதும் வீண். திருத்தும் கூலி புதியதன் விலையில் அரைவாசியை எட்டும்போது, பழையதைக் கைவிடுவதே மேல் என்பது என் கருத்து.

மற்றொன்று, உள்ளிருக்கும் காஸின் வகை. வெளியலகில் ஒட்டியிருக்கும் சிட்டையில் அது குறிக்கப்பட்டிருக்கும். ஆர்-22 என்றிருந்தால் அது பழைய தலைமுறை. வானத்து ஓசோன் படலத்தை அரிப்பதனால், 1987 இல் உருவான மொன்றியல் உடன்படிக்கையின் வழியாக உலக நாடுகள் அதனைப் படிப்படியாகக் கைவிடலாயின. இலங்கை 1989 இல் அதிற் சேர்ந்தது. வளர்முக நாடுகளுக்கு 2030 ஆம் ஆண்டே எல்லை. அதன்பின் பழைய யந்திரங்களைப் பேணுவதற்கென மிகச் சிறிதளவே அநுமதி. ஆகவே ஆர்-22 யந்திரத்தில் பெரிய திருத்தம் செய்வோர் இருமுறை எண்ணுதல் நலம். அதனிடத்தில் வந்த ஆர்-410ஏ ஓசோனுக்குத் தீங்கற்றது; ஆனால் நூறாண்டுக் கணக்கில் பூமியைச் சூடாக்கும் ஆற்றல் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 2,000 மடங்கு. ஆர்-32 க்கு அது ஏறத்தாழ 675 மடங்கு. ஒரு வகைக்கென அமைந்த யந்திரத்தில் வேறு வகையை ஏற்ற எவரையும் அநுமதிக்க வேண்டாம். சிறப்பாக, மலிவென்று கருதிப் பழைய யந்திரத்தில் புறோப்பேனை நிரப்புவது ஆபத்தானது. அது தீப்பற்றும் வாயு.

புதியது வாங்குவோர் கடைக்காரர் சொல்லும் ‘தொன்’ கணக்கைக் கேட்டு மயங்குவதுண்டு. அது எடையன்று. 2,000 இறாத்தல் பனிக்கட்டியை ஒரு நாளில் உருக்கும் வெப்பமே ஒரு தொன். ஓர் இறாத்தல் உருக 144 பீ.ரீ.யூ. வேண்டும், பெருக்கி 24 மணியால் வகுத்தால் மணிக்கு 12,000 வரும். (பிள்ளைகளுக்கு நல்ல கணக்கு, வகுப்பிற் கொடுக்கலாம்.) பெரியதாக வாங்கினால் நல்லதென்பதும் தவறான எண்ணம். சிறிய அறையில் பெரிய யந்திரம் விரைவிற் குளிர்வித்து நின்றுவிடும்; காற்றின் ஈரத்தை எடுக்க அதற்குப் பொழுது போதாது. அறை குளிர்ந்தும் உடல் பிசுபிசுக்கும். பெரிய யந்திரம் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கூரையின் கீழே வெப்பந்தாங்கித் தட்டு அமைப்பதற்கும், மேற்குச் சுவருக்கு நிழல் தரும் மரத்துக்கும் கொடுக்கலாம். நம் நாட்டில் மின்சாரம் கூடுதலாகச் செலவிடுவோர் அலகொன்றுக்குக் கூடுதல் விலையுங் கொடுக்கின்றனர். 18 பாகையில் வைத்துப் போர்வைக்குள் நடுங்குவதிலும், 26 பாகையில் வைத்துக் கூரை விசிறியை மெதுவாக ஓடவிடுவது பைக்கும் உடலுக்கும் இதம்.

பொருத்த வருபவர் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற்றவரா என்று கேளுங்கள். காஸைத் திறக்குமுன் வெற்றிடப் பம்பியினால் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றுகிறாரா என்று அருகில் நின்று பாருங்கள். அதைச் செய்யாது விடுவோர் உண்டு. அதன் பலன் சில ஆண்டுகளின் பின்னரே தெரியும். பழைய யந்திரத்தைக் கழற்றும்போதும், அதிலுள்ள காஸை வெளியில் ஊதிவிடாது சிலிண்டரிற் சேகரிக்கச் சொல்லுங்கள். அதன்பின் அந்தச் செப்புக் குழாயைப் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுக்கலாம். செப்புக்கு நல்ல விலையுண்டு.