முகமும் ஒளியும்

நம் வீடுகளில் பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டால், மாலையிட்டு வைக்க அவருடைய படம் ஒன்று வேண்டியிருக்கிறது. அப்போதுதான் தேடத் தொடங்குகிறோம். செல்பேசியிலே நூற்றுக்கணக்கான படங்கள் கிடக்கின்றன. ஆயினும் அந்த மனிதர் அவராகவே விளங்கும் படம் ஒன்றுகூட அகப்படுவதில்லை. முடிவில், யாரோ ஒருவருடைய திருமணத்தில் எடுத்த குழுப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பக்கத்தில் நிற்பவருடைய தோளை அழித்து, பெரிதாக்கிச் சுவரில் மாட்டுகிறோம். என் தகப்பனார் விஷயத்தில் அப்படித்தான் நேர்ந்தது. அந்தக் குறையினால்தான், முகத்தைப் படம் பிடிப்பது எவ்வாறு என்று கற்கும் ஆவல் எனக்கு உண்டாயிற்று. ஓய்வு நாட்களில் பழகும் ஒருவன் என்ற முறையில், நான் அறிந்த சிலவற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

விலையுயர்ந்த காமிரா இருந்தாலன்றி நல்ல படம் எடுக்க இயலாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. 1815-ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்து, 1879-இல் இலங்கையில் காலமான ஜூலியா மார்கரெட் காமரன் என்ற ஆங்கில மாது, தமது 48-ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசாக அளித்த காமிராவைக் கொண்டு இக்கலையைத் தொடங்கினார். இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த வைட் தீவிலே, கோழிகள் அடைந்திருந்த கண்ணாடிக் கொட்டகைதான் அவருடைய ஸ்டூடியோ. நிலக்கரி போட்டு வைத்திருந்த அறைதான் அவருடைய இருட்டறை. கவிஞர் டென்னிஸன், விஞ்ஞானி ஹெர்ஷல் ஆகியோரின் முகங்களை அவர் படம் பிடித்தார். படங்கள் தெளிவாக இல்லை என்று அக்காலத்து விமரிசகர்கள் குறை கூறினார்கள். இன்றோ அவை உலகின் பெரிய கலைக்கூடங்களில் போற்றப்படுகின்றன. ஒளி முகத்தில் எப்படி விழுகிறது என்பதை அவர் உற்று நோக்கினார். நாமும் தொடங்க வேண்டிய இடம் அதுவே.

நண்பகல் வெயிலில் ஒருவரை நிறுத்தினால் கண்குழிகள் கறுத்துவிடும். மூக்கின் நிழல் உதட்டின்மேல் விழும். காமிராவிலேயே உள்ள மின்னொளியை நேரே பாய்ச்சினாலோ, முகத்தின் மேடுபள்ளங்கள் மறைந்து தட்டையாகிவிடும். நேர் வெயில் விழாத ஒரு ஜன்னலே சாமானியனுக்குச் சிறந்த விளக்கு. அதிலிருந்து மூன்றடி தூரத்தில் நாற்காலியைப் போட்டு, முகத்தைச் சற்றே ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். ஒரு கன்னம் வெளிச்சமாகவும் மற்றது மெல்லிய நிழலாகவும் அமையும். நிழற்பக்கத்துக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, சிறு முக்கோணமாக ஒளி விழுமானால் மிகவும் நன்று. ஹாலந்து தேசத்து ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் அந்த அமைப்பை அழைக்கிறார்கள். நிழல் அதிகமாகத் தோன்றினால், எதிர்ப்பக்கத்து நாற்காலியில் ஒரு வெள்ளை வேஷ்டியை விரித்துப் போட்டால் போதும். அறையின் மின்விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள். இருவகை ஒளி கலந்தால் தோலின் நிறம் கெடும்.

அடுத்தது தூரம். மிக அருகில் சென்று எடுத்தால் மூக்கு பருத்தும் காதுகள் சிறுத்தும் தோன்றும். ஐந்தாறு அடி விலகி நின்று, செல்பேசியில் தூரத்தை அணுகிக் காட்டும் லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். காமிரா அமர்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் இருக்கட்டும். இரு கண்களில் அருகிலுள்ள கண் தெளிவாக இருந்தால், பிற இடங்கள் சற்று மங்கினாலும் குற்றமில்லை.

நம்மவர்கள் அறிய வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று உண்டு. காமிராவின் ஒளிமானி, எதிரே காண்பதெல்லாம் கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவான சாம்பல் நிறம் என்று கொண்டே பொதுவாகக் கணக்கிடுகிறது. ஆகையால் வெள்ளைச் சுவரின் முன்னே கறுத்த முகம் அமர்ந்தால், அம்முகம் கரிபோல் இருண்டுவிடக்கூடும். செல்பேசித் திரையில் முகத்தைத் தொட்டு ஒளியைச் சற்றே கூட்டினால் இக்குறை தீரும். கோடக் கம்பெனி, வண்ணப் படம் அச்சிடும் கூடங்களுக்கு நிறம் ஒத்துப் பார்க்க அனுப்பிய மாதிரி அட்டைகளில், நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்களின் முகமே இருந்தது. கறுத்த தோலின் நயங்கள் அன்று சரியாகப் பதியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். குற்றம் தோலில் இல்லை, அளவுகோலில் இருந்தது. படத்தை வெளுப்பாக்கத் துடிக்கும் நம் விரல்கள் இதை மறக்கலாகாது.

படம் எடுத்தபின் செய்யும் திருத்தத்துக்கு வருகிறேன். முன்னாட்களில் ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவ் மீது கூரிய பென்சிலால் ‘டச்சிங்’ செய்தார்கள். அதற்குப் பொறுமை வேண்டும். ஆகவே ஓரளவோடு நின்றது. இன்று ஒரு விரலசைவில் எழுபது வயது முகம் முப்பது வயதாகிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் குளிர்காலத்தில் என் தாயார் தில்லிக்கு வந்திருந்தார். ஜன்னலோரத்தில் அமர்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவரைப் படம் எடுத்தேன். பிறகு ஆர்வ மிகுதியால் சுருக்கங்களை நீக்கினேன். நிறத்தையும் கொஞ்சம் ஏற்றினேன். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “நன்றாய்த்தான் இருக்கிறது. யாரப்பா இது?” என்றார். பிறகு நெற்றியைத் தடவிக்கொண்டே, “சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்த தழும்பு எங்கே?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. மொழிபெயர்ப்பு என் தொழில். மூலத்தில் உள்ளதை விடுவதும், இல்லாததைச் சேர்ப்பதும் தவறு என்று அலுவலகத்தில் இளைஞர்களுக்குச் சொல்லி வருபவன் நான். அந்தப் பிழையை என் தாயாரின் முகத்திலேயே செய்துவிட்டேன்.

அன்று முதல் ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வாரத்தில் தானே மறையக்கூடியதை நீக்கலாம்: ஒரு பரு, கொசுக்கடி, கன்னத்தில் ஒட்டிய தூசு. ஆண்டுக்கணக்கில் அந்த மனிதரோடு இருப்பதைத் தொடலாகாது: மச்சம், தழும்பு, சிரிப்பினால் விழுந்த கோடு. ஒளியைக் கூட்டிக் குறைக்கலாம்; வேண்டாத ஓரங்களை வெட்டலாம். எதைச் செய்தாலும் மூலப் படத்தைத் தனியே பத்திரப்படுத்துங்கள். நான் அப்படிச் செய்திருந்தபடியால், அம்மாவின் தழும்பு பிழைத்தது.

கடைசியாக ஒன்று. ‘சிரியுங்கள்’ என்று கட்டளையிட்டால் முகம் விறைத்துப் போகும். பேச்சுக் கொடுங்கள். பழைய ஊரைப் பற்றியோ, முதல் சம்பளத்தைப் பற்றியோ கேளுங்கள். பேசி முடித்து ஒரு கணம் மௌனமாக இருப்பார்கள், அக்கணத்திலே எடுங்கள். எடுத்த படத்தைச் செல்பேசியிலேயே விட்டுவிடாமல், காகிதத்தில் அச்சிட்டு அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வீட்டுப் பெரியவரை ஜன்னலோரத்தில் அமரச் செய்து, அரைமணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். மாலை போடுவதற்காகத் தேடும் படமாக அது இருக்க வேண்டாம். அவரே கையில் வைத்துப் பார்த்து, ‘ஆமாம், இது நான்தான்’ என்று சொல்லும் படமாக இருக்கட்டும்.