ஐந்து நட்சத்திரம் வேண்டாம்

கறுப்பு அங்கிக்குள் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கும் பட்டதாரிகளே!

பொருள் செய்கிறவர்களுக்கு நம் கோயமுத்தூரில் பஞ்சமில்லை. 1955இல் சபாபதி என்பவர் இங்கே வெட் கிரைண்டர் செய்தார். ஆட்டுக்கல் வேலை மிச்சமானது. ஆனால் கனத்த கல்லைத் தூக்கி வைத்து மாவு வழிப்பது பெரும்பாடு. சாய்த்து மாவு எடுக்கும் கிரைண்டர் பின்னால்தான் வந்தது. அதுவரை இடுப்பு வலிக்கிறது என்று அலுத்துக்கொண்ட பெண்களின் பெயர் எந்தக் கிரைண்டர் பெட்டியிலும் அச்சாகவில்லை.

நம் ஊர் அருணாசலம் முருகானந்தத்தை உங்களுக்குத் தெரியும். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 1998இல் மனைவி சாந்திக்காகக் குறைந்த விலையில் நாப்கின் செய்யக் கிளம்பினார். மேடையில் இதைப் பேசுவதா என்று யாரும் நெளிய வேண்டாம்; ஊர் நெளிந்ததால்தான் அவருக்குப் பல வருடம் பிடித்தது. பருத்தி ஊர்க்காரர், பஞ்சை வைத்துச் செய்தார். துணியே தேவலை என்றார் சாந்தி. அவருடைய சகோதரிகள் நழுவினார்கள். மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் நாப்கினோடு கேள்விப் படிவமும் கொடுத்தார். ஒருநாள் போய்ப் பார்த்தால், சில பேர் மட்டும் உட்கார்ந்து மொத்தப் படிவத்தையும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்!

சிரிக்கிறீர்கள். பருவத் தேர்வுக்கு முன்னால் ஆசிரியர் பற்றிய கருத்துப் படிவத்தை நீங்கள் எப்படி நிரப்பினீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. கடையிலும் இதே கதைதான்; ஹெட்போன் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சீட்டு கிடக்கும்: ஐந்து நட்சத்திரம் போடுங்கள், கூப்பன் தருகிறோம். ஒரு காதில் சத்தம் வராவிட்டாலும் ஐந்து போடுகிறோம். அதை வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனி எதைத் திருத்தும்?

முருகானந்தம் அந்தப் படிவங்களை நம்பவில்லை. ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார், சைக்கிள் மிதித்தார். ஊர் அவருக்கு நோய் என்றது. மனைவியும் அம்மாவும் பிரிந்து போனார்கள். பெரிய கம்பெனிகள் வைப்பது பஞ்சு அல்ல, மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. ஈரத்தை இழுப்பதோடு குலையாமலும் நிற்பது அதுதான். கோடிக்கணக்கில் விலை சொன்ன இயந்திரத்தின் வேலையைச் சுமார் 65,000 ரூபாய்க்குள் முடித்தார். சாந்தி திரும்பி வந்தார். 2016இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் கதை சினிமாவானதெல்லாம் அதற்கப்புறம்.

இந்தக் கதையை விடாமுயற்சிக்கு உதாரணமாகவே எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ, முதல் நாப்கினை வாங்கிப் பார்த்து "நல்லாயில்லை" என்ற சாந்திதான் பெரியவராகத் தெரிகிறார். கணவர் மனம் கோணக் கூடாதென்று அவர் தலையாட்டியிருந்தால் ஆராய்ச்சி அன்றைக்கே முடிந்திருக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இன்று பட்டத்தை வாங்கிக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு நேரே பஸ் ஏறிவிடாதீர்கள். துறைக்குப் போய், எந்தப் பாடம் கடைசிவரை புரியவில்லை, எந்த ஆய்வகத்தில் கருவி ஓடவேயில்லை என்று உங்கள் பேராசிரியரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் இனி உங்கள் மார்க்கில் கை வைக்க முடியாது. அடுத்த மாதம் அதே வகுப்பில் உங்கள் தம்பி தங்கைகள் வந்து உட்காரப் போகிறார்கள்.